மூன்று மடங்கு மந்திரம்

ஷேர் மார்க்கெட் புத்தகங்கள் பெரும்பாலும் எதை வாங்கலாம் என்று முந்நூறு பக்கம் சொல்லும். எப்போது விற்பது என்று கேட்டால் 'பேராசை பெருநஷ்டம்' என்று ஒரு வரியில் முடித்துக்கொள்ளும். வெல்லெஸ் வைல்டர் இதற்கு விதிவிலக்கு.

வைல்டர் அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினீயர். கொஞ்ச காலம் ரியல் எஸ்டேட் பார்த்துவிட்டு மார்க்கெட்டுக்கு வந்தவர். 1978-ல் 'நியூ கான்செப்ட்ஸ் இன் டெக்னிக்கல் டிரேடிங் சிஸ்டம்ஸ்' என்று ஒரு புத்தகம் போட்டார். இன்று டி.வி.யில் நிபுணர்கள் உச்சரிக்கும் ஆர்.எஸ்.ஐ., ஏ.டி.எக்ஸ்., பாரபாலிக் எல்லாம் இந்த ஒரே புத்தகத்தில் பிறந்தவை. கம்ப்யூட்டர் வீட்டுக்கு வராத காலம். கால்குலேட்டரும் பென்சிலும் போதும் என்கிற மாதிரி கணக்குகளை அமைத்திருக்கிறார். 2021-ல் காலமானார்.

அவர் தந்ததில் என் ஓட்டு ஏ.டி.ஆர்.-க்குத்தான். ஆவரேஜ் ட்ரூ ரேஞ்ச். ஒரு பங்கு சாதாரணமாக ஒரு நாளில் எவ்வளவு ஆடும் என்பதன் சராசரி. இன்றைய உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் உள்ள தூரம் மட்டுமல்ல. நேற்றைய முடிவு விலையிலிருந்து இன்று எவ்வளவு தாவியது என்பதையும் சேர்த்துப் பார்த்து, எது பெரிசோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். பதினாலு நாளுக்குச் சராசரி போட்டால் ஏ.டி.ஆர். கைக்கு வந்துவிடும்.

இதனால் என்ன பிரயோஜனம்? ஊட்டி ரயிலில் போனவர்களுக்குச் சட்டென்று புரியும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் ஓடும். அங்கே சில இடங்களில் பன்னிரண்டரை அடி போனால் ஓர் அடி ஏற்றம். குன்னூர் தாண்டினால் பல் சட்டம் கிடையாது, சாதா தண்டவாளம்தான். சரிவைப் பார்த்து ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நம் ஆட்களோ எல்லாப் பங்குக்கும் ஒரே சட்டம்: 'பத்து பர்சென்ட் இறங்கினா வித்துடு.' தினம் ஒரு சதவீதம் ஆடும் பங்குக்கும் அதுதான், ஐந்து சதவீதம் குதிக்கும் பங்குக்கும் அதுதான். முதலாவதில் விற்பதற்குள் லாபமெல்லாம் போய்விடும். இரண்டாவதில் பங்கு தும்மினாலே வெளியே தள்ளிவிடும்.

சக் லெபோ என்பவர் இதைப் பங்கு ஏறஏறப் பின்னாலேயே வரும் ஸ்டாப்பாக மாற்றினார். அலெக்சாண்டர் எல்டர் 2002-ல் எழுதிய 'கம் இன்டு மை டிரேடிங் ரூம்' அதைப் பலரிடம் கொண்டு சேர்த்தது. பெயர் 'ஷாண்டலியர்'. கூரையிலிருந்து தொங்குகிற சரவிளக்கு மாதிரி, உச்ச விலையிலிருந்து மூன்று ஏ.டி.ஆர். கீழே தொங்கும்.

420-க்கு வாங்கினீர்கள் என்று வையுங்கள். பங்கு 500-ஐத் தொடுகிறது, ஏ.டி.ஆர். 12. மூன்று மடங்கு 36. ஸ்டாப் 464. அப்புறம் 560, ஏ.டி.ஆர். 16. ஸ்டாப் 512-க்கு ஏறிவிட்டது. விலை திரும்பி இறங்கி 512-ல் விற்றால் கையில் 92 ரூபாய். உச்சத்திலிருந்து 48 ரூபாயை மார்க்கெட்டுக்கே திருப்பிக் கொடுத்தாயிற்று. வயிறு எரியும். ஆனால் ட்ரெண்டோடு போகிறவன் கட்ட வேண்டிய கட்டணம் அது. உச்சியில் விற்பவர்களைக் கதைகளில்தான் பார்க்க முடியும்.

இதுவரை சரி. இனிமேல்தான் புகார்.

முதல் புகார், கோடு கீழே இறங்குவது. மேலே சொன்ன பங்கு 560-லேயே நிற்க, ஆட்டம் மட்டும் அதிகமாகி ஏ.டி.ஆர். 20 ஆனால் கணக்குப்படி ஸ்டாப் 500. அதாவது ஆபத்து கூடும்போது காவல்காரர் பின்னால் நகர்கிறார்! ஏறிய ஸ்டாப்பை இறக்கக்கூடாது என்பதை நீங்களாகவே விதியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, தாவல். 2024 ஜூன் 3 அன்று சென்செக்ஸ் புதிய உச்சத்தில் முடிந்தது. மறுநாள் தேர்தல் முடிவு. 4,390 புள்ளி சரிவு. இந்த மாதிரி நாளில் 512-ல் வைத்த ஸ்டாப் 512-ல்தான் விற்கும் என்று யாரும் எழுதித் தர முடியாது. ஜூன் 7-ம் தேதியே சென்செக்ஸ் பழைய உச்சத்தைத் தாண்டியும் விட்டது. அடிமட்டத்தில் வெளியேற்றப்பட்டவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

மூன்றாவதுதான் பெரிய புகார். இந்தப் புத்தகங்கள் எல்லாமே கதவு திறந்திருக்கிறது என்று நம்புகின்றன. வைல்டர் இன்னும் ஒரு படி மேலே போய், விற்றவுடன் எதிர்த் திசையில் திரும்பி நில் என்கிறார். நம் ஊர் கேஷ் மார்க்கெட்டில் இல்லாத பங்கை விற்றால் அன்று மாலைக்குள் வாங்கிக் கணக்கை முடித்தாக வேண்டும்.

கதவே இல்லாத ட்ரெண்ட் எப்படியிருக்கும் என்பதற்கு அதே நீலகிரியில் உதாரணம் இருக்கிறது. உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் போட்ட சிறு விவசாயிகள் பலர் தேயிலைக்கு மாறினார்கள். விலை நன்றாக ஏறியது. ரஷ்யச் சந்தை வாங்கிக்கொண்டே இருந்தது. அவர்களும் ட்ரெண்டைத்தான் பின்தொடர்ந்தார்கள், அதில் தப்பில்லை. 1998 ஆகஸ்டில் ரூபிள் சரிந்தது. அடுத்த இரண்டு வருஷத்தில் பசுந்தேயிலை விலை பாதிக்கும் கீழே போயிற்று. ஸ்டாப் லாஸ் போட முடியுமா? செடி நட்டால் கொழுந்து பறிக்கவே சுமார் மூன்று வருஷம். பறித்த இலையை அன்றைக்கே ஃபேக்டரியில் சேர்க்க வேண்டும். நல்ல விலைக்குக் காத்திருக்க முடியாது. வேரோடு பிடுங்கிவிட்டு மறுபடி கிழங்கு போடுவதற்கு யாரிடம் பணம்? 'மார்க்கெட் இறங்கினா வெளியே வந்துட வேண்டியதுதானே' என்று சொல்கிறவர்கள் கோத்தகிரி பக்கம் போய் ஒரு விவசாயியிடம் சொல்லிப் பார்க்கலாம்.

உங்கள் டீமேட் கணக்கிலும் சில தேயிலைத் தோட்டங்கள் உண்டு. தினம் சில நூறு பங்குகள்கூடக் கைமாறாத குட்டிக் கம்பெனிகள். இறங்க ஆரம்பித்தால் லோயர் சர்க்யூட். விற்பவர் வரிசை மட்டும் நிற்கும், வாங்க ஆள் இருக்காது. அங்கே மூன்று ஏ.டி.ஆர். என்றால் என்ன, முப்பது ஏ.டி.ஆர். என்றால் என்ன?

வைல்டரைப் படியுங்கள். விற்கும் இடத்தை வாங்கும்போதே பேப்பரில் எழுத வைக்கிறார், அதற்காகவே படிக்கலாம். ஆனால் இரண்டரையா, மூன்றா என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் முன், அந்தப் பங்கு தினம் எத்தனை கைமாறுகிறது என்று பார்த்துவிடுங்கள். பேப்பரில் வால்யூம் என்று ஒரு பத்தி வருமே, அதுதான்.