ரதி புலம்பும் திடல்

கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில வழியாக ஏறும் பாதை மடுல்கெல்லையை எட்டும்போது நக்கிள்ஸ் மலைகள் மிக அருகில் வந்துவிடுகின்றன. மாசி மாதம் இங்கே மழை ஓய்ந்த காலம். பகலில் வெயில் ஏறும், இரவில் குளிர் இறங்கும். கோப்பிக்காகக் காடழித்துத் திறந்து, பிறகு தேயிலைக்கு மாற்றிய இந்தச் சரிவுகளில் மக்கள் விடிய விடிய வெளியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கத் தோதான பருவம் இதுதான். மலையகத்தின் கோடை இசைவிழா எதுவென்று கேட்டால் தோட்டங்களில் விடிய விடிய ஆடும் காமன் கூத்து என்றே சொல்வேன்.

அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். அன்றிலிருந்து பௌர்ணமி வரை ஊர் விரதம் காக்கும். வேடம் கட்டுபவர்கள் ஆண்கள், ரதியும் ஆண்தான். நேர்த்தி வைத்து வேடம் ஏற்பவர்கள் உண்டு. சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படும் காமனாகிய மன்மதனை அவன் மனைவி ரதி தடுக்கிறாள். அவன் கேளாமல் போகிறான், எரிந்து சாம்பலாகிறான். கூத்தின் உயிர் அதற்குப் பின் வரும் ரதியின் புலம்பலில் இருக்கிறது. அந்த நேரம் திடலைச் சுற்றி அமர்ந்திருக்கும் பெண்கள் கதைக்காக மட்டும் அழுவதில்லை.

இசையென்று பார்த்தால் இந்தக் கூத்தில் மூன்று ஓடைகள் கலக்கின்றன. முதலாவது தப்பு. நெருப்பில் காய்ச்சித் தோலை இறுக்கி அடிக்கும் இதே தப்புத்தான் ஒரு காலத்தில் விடியுமுன் தொழிலாளரைப் பெரட்டுக் களம் என்னும் ஆள்கணக்கெடுக்கும் இடத்துக்கு எழுப்பியது, சாவு வீட்டிலும் ஒலித்தது. இரண்டாவது லாவணி. மராட்டியர் ஆட்சியில் தஞ்சாவூருக்கு வந்து வேரூன்றிய வடிவம் அது. மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று மறு கட்சியும் பாட்டாலேயே வாதாடும். மூன்றாவது ஒப்பாரி. லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளின் பெண்கள் தம் வீட்டுச் சாவுக்குப் பாடிய அதே மெட்டும் மூச்சும் ரதியின் வாயில் வந்து சேர்கின்றன.

செவ்வியல் இசை எங்கே என்று கேட்கலாம். புன்னாகவராளி, நாதநாமக்கிரியை, ஆனந்தபைரவி ஆகிய ராகங்கள் நாட்டார் மெட்டுகளோடு உறவுடையவை என்பதை இசையறிஞர்கள் ஏற்கிறார்கள். அந்த உறவைத் தோட்டம் வரை கொண்டுவந்து சேர்த்ததில் நாடக மேடைக்குப் பெரும் பங்குண்டு என்று நினைக்கிறேன். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்து நாடகப் பாட்டு கர்நாடக ராகத்தைத் தெருவில் நிற்பவனும் முணுமுணுக்கும்படி செய்தது. தமிழகக் குழுக்கள் இலங்கைக்கும் வந்து ஆடின. 1926இல் கே. பி. சுந்தராம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பாவும் சேர்ந்து நடிக்கத் தொடங்கியது கொழும்பில்தான். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் எட்டிய உச்சக் குரல் அவர்களுடையது. காமன் கூத்தைப் பழக்கும் வாத்தியார்கள் தம் மாணவர்களிடம் கேட்பதும் அப்படிப்பட்ட தொண்டையைத்தான்.

இங்கே கடல் தாண்டிப் போய் ஒன்றைப் பார்க்க வேண்டும். 1969 கோடையில் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில், மவுண்ட் மாரிஸ் பூங்காவில், ஞாயிற்றுக்கிழமைகளில் கறுப்பின மக்களுக்கு இலவசக் கச்சேரிகள் நடந்தன. சோல், காஸ்பல், ஜாஸ் எல்லாம் ஒரே மேடையில் ஒலித்தன. ஆகஸ்ட் 17 அன்று பாடிய நினா சிமோன் செவ்வியல் பியானோ பயின்றவர். கர்ட்டிஸ் இசைக்கழகம் 1951இல் அவருக்கு இடம் மறுத்தது. தம் நிறமே காரணம் என்று அவர் கடைசிவரை நம்பினார். ஜெர்மானிய இசைமேதை பாக்கின் பின்னல் இசையை அவர் ஜாஸ் பாட்டின் நடுவே கொண்டுவந்து வைக்கும்போது ஒட்டுப்போட்டதாகத் தெரியாது. அவருக்கு இரண்டுமே தாய்மொழி. ரே சார்ல்ஸ் 1954இல் தேவாலயத்துக் காஸ்பல் மெட்டைக் காதல் பாட்டாக்கியதும் இப்படித்தான். கோயிலின் குரல் தெருவுக்கு வந்தது. அதன் வேகம் குறையவில்லை.

தோட்டக்காடும் ஹார்லமும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. அடிமை முறையும் கங்காணி வழி ஆள்சேர்த்த முறையும் வேறு வேறு. ஆனால் உழைப்புக்காகப் பெயர்க்கப்பட்ட ஒரு சமூகம் வழிபாட்டையும் இழவையும் ஒரே மூச்சில் பாடுவதை இரண்டு இடத்திலும் கேட்கிறேன். இன்னொரு ஒற்றுமை வலிக்கிறது. ஹார்லம் கச்சேரிகளை ஹால் டல்சின் சுமார் நாற்பது மணி நேரம் படம் பிடித்து வைத்திருந்தார். வாங்க ஆளில்லாமல் அச்சுருள்கள் அரை நூற்றாண்டு அடித்தளத்தில் கிடந்தன. 2021இல்தான் அவை படமாகி உலகம் பார்த்தது. நம் காமன் திடல்களில் அந்த நாளில் அப்படிப் படம் பிடித்து வைக்க ஒரு டல்சின் இருக்கவில்லை.

எழுத்தில் சேகரித்தவர்கள் உண்டு. மடகொம்பரையில் பிறந்து 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்துப் பாடல்களைத் தொகுத்து ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற நூலாகத் தந்தார். மாத்தளை வடிவேலன் மலையகத்தின் பாரம்பரியக் கலைகளைப் பற்றி எழுதினார். இவர்கள் செய்தது பெரிய காரியம். ஆனால் ஒப்பாரியில் ஒரு பெண் எந்த இடத்தில் மூச்சை நிறுத்தி விம்முகிறாள் என்பதை அச்சு சொல்லாது.

திறந்தவெளிப் பாட்டு அரசியலுக்கும் உதவியது. தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவி மீனாட்சி அம்மை தோட்டக் கூட்டங்களில் பாடித்தான் மக்களைத் திரட்டினார். அவர் வெளியிட்ட பாட்டுப் புத்தகத்தில் தொழிலாளர் துயரம் மக்களுக்குப் பழகிய மெட்டுகளில் வருகிறது. எழுத்தறியாத கூட்டம் மெட்டைப் பிடித்துக்கொண்டு செய்தியையும் மனப்பாடம் செய்துகொள்ளும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் கூத்தை நவீன மேடைக்கு மீட்டார். ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ ஆகியவை இன்றும் பேசப்படுகின்றன. கூத்தைப் பழக்க மட்டக்களப்பிலிருந்து அண்ணாவியார்கள் வந்தார்கள். அந்தத் தயாரிப்புகளில் காமன் கூத்து இல்லை. பேராதனையைச் சுற்றியிருக்கும் குன்றுகளிலேயே அது ஆண்டுதோறும் ஆடப்பட்டுக் கொண்டிருந்தது. தோட்ட மக்கள் வாக்குரிமை இழந்து நின்ற காலம் அது. 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. பாடத் தெரிந்த எத்தனையோ பேர் அந்தக் கப்பல்களில் போயிருப்பார்கள். வாத்தியார் போன பிறகு அந்தத் தோட்டத்துக் கம்பத்தை யார் ஊன்றுவது?

இன்று கலப்பிசைக்குத் தமிழர் பெயர்கள் உலக மேடையில் இருக்கின்றன. லண்டனில் பிறந்த சுசீலா ராமன் 2001இல் வெளியிட்ட ‘சால்ட் ரெய்ன்’ தொகுப்பில் தியாகராஜரையும் தீட்சிதரையும் புளூஸ் சாயலோடு பாடினார். கலிபோர்னியாவில் வளர்ந்த சித் ஸ்ரீராம் ஆலாபனையின் கமகத்தையும் ஆர் அண்ட் பி பாட்டின் வளைவுகளையும் ஒரே தொண்டையில் ஓடவிடுகிறார். 2024இல் கோச்செல்லா திறந்தவெளி விழாவிலும் பாடினார். இருவரையும் விரும்பிக் கேட்கிறேன். அவர்கள் வெற்றி பெறும் பாட்டுகளில் கலப்பு அலங்காரத்துக்காக வரவில்லை. வேண்டுதல் ஒன்று முதலில் இருக்கிறது. அதைச் சொல்ல ஒரு மரபு போதாதபோது மற்றது வந்து கை கொடுக்கிறது. சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015 முதல் நடந்த விழா மீனவர் குடியிருப்புக்கே கர்நாடகக் கச்சேரியைக் கொண்டுபோய்ப் பறையோடு சேர்த்து ஒலிக்க வைத்தது. யார் யார் வீட்டு வாசலுக்கு வருகிறார்கள் என்ற கேள்வியை அது எழுப்பியது.

அந்தக் கேள்வி காமன் திடலிலும் உண்டு. தப்படிக்கும் குடும்பங்கள்மேல் சாதி சுமத்திய இழிவு சிறிதல்ல. அதனால் தப்பைக் கீழே வைத்த இளைஞர்களைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. வைத்ததை மறுபடி எடுத்து, கலையாக மட்டும் அடிப்போம் என்று குழு அமைப்பவர்களும் இன்று இருக்கிறார்கள். கூலியும் மரியாதையும் சேர்ந்து வந்தால் அவர்கள் பெருகுவார்கள்.

அரங்க விழாக்களில் காமன் கூத்தைப் பதினைந்து நிமிடமாகச் சுருக்கிக் காட்டுவது எனக்கு உடன்பாடில்லை. ரதியும் மதனும் ஆடும் துள்ளல் மட்டும் அதில் மிஞ்சுகிறது. புலம்பல் தன் எடையைப் பெறுவது நள்ளிரவு தாண்டிய பிறகுதான், அதுவரை காத்திருந்த சபை முன்னால்தான். அதனால் முழு விழாவையும் பதிவுசெய்ய வேண்டும்: கம்பம் ஊன்றுவதிலிருந்து எரிந்த காமன் உயிர்த்தெழும் மூன்றாம் நாள் வரை, தப்புக்குத் தனி ஒலிவாங்கி, பாடுபவருக்குத் தனி, சபையின் அழுகைக்கும் தனி. வாத்தியார்களின் கையெழுத்துக் கொப்பிகளைப் படியெடுக்க வேண்டும். மெட்டுகளை ராகம் அறிந்தவர் ஒருவரும் ஒப்பாரி பாடும் ஒரு பாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் குறிக்க வேண்டும். மடுல்கெல்லையிலிருந்து பேராதனைக்கு ஒரு காலைப் பயணம்தான். இந்த முறை பல்கலைக்கழகம் மலையேறி வரட்டும்.