விண்வெளி முத்திரைகளும் தோட்டத்துத் தபாலும்

முத்திரை சேகரிப்போரின் அளவுகோல் விசித்திரமானது. எக்கடிதத்திலும் ஒட்டப்படாத, பசை கலையாத முத்திரைக்கே அவர்கள் பெருமதிப்பளிப்பர். கடிதத்தோடு கடல் கடந்து, குறி குத்தப்பட்டு, மூலை மடங்கி வந்ததைப் பெரும்பாலும் இரண்டாந் தரமாகவே கொள்வர். விண்வெளிப் பயணங்களைப் போற்றும் பழைய முத்திரைகளைப் பொறுத்தமட்டில் இவ்வளவுகோல் பிழையான முடிவுக்கே இட்டுச்செல்கின்றது.

1962 பெப்ரவரி 20ஆம் திகதி ஜோன் கிளென் பூமியை வலம்வந்து மீண்டபொழுது, அதுவரை இரகசியமாக வைக்கப்பட்டிருந்த ‘மேர்க்குரி’ முத்திரை அமெரிக்கத் தபாலகங்களில் விற்பனைக்கு வந்தது. அதன் பெறுமதி 4 சதம். அன்று அந்நாட்டின் சாதாரணக் கடிதக் கட்டணமும் அதுவே. 1975இல் ஆரியபட்டா விண்ணேறியபோது இந்தியா வெளியிட்டதும் 25 பைசா முத்திரையே. இவை பெருநிகழ்ச்சியொன்றை எளியோரின் கடித உறைமேல் ஏற்றிவைத்தவை.

இவற்றுக்கு நேர்மாறானவை அறுபதுகளின் பிற்பகுதி தொட்டு அஜ்மான், புஜைரா, உம் அல் குவைன் முதலிய சிற்றரசுகளின் பெயரால் வெளிவந்த முத்திரைகள். அவற்றில் வண்ணத்துக்குக் குறைவில்லை. ஆயினும் பல, தபாற்பெட்டியைக் காணாமலே குறி குத்தப்பெற்று நேரே அல்பங்களுக்குச் சென்றன. 1967இல் பூட்டான் வெளியிட்ட முப்பரிமாண விண்வெளி முத்திரைகள் வியப்பூட்டுவன என்பதை மறுப்பதற்கில்லை. விளையாட்டுப் பொருளும் வியப்பூட்டும். இப்போக்கின் உச்சம் 1971இல் நிகழ்ந்தது. அப்பல்லோ 15 வீரர்கள் அனுமதியின்றி ஏறத்தாழ 400 உறைகளைச் சந்திரனுக்குக் கொண்டுசென்றனர். அவற்றுள் 100 பின்னர் வியாபாரி ஒருவர் மூலம் விலைபோயின. எவர்க்கும் எதுவும் எழுதப்படாத உறைகள் சந்திரனுக்குப் போய் மீண்டன!

எழுதப்பட்ட கடிதமோ ஒரு மைல் தாண்டத் தடுமாறிய இடங்களும் அக்காலத்தில் இருந்தன. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களின் லயக் காம்பராக்களுக்குத் தனி முகவரி கிடையாது. தபால் தோட்ட ஆபீசுக்கே வரும். அங்கிருந்து பிந்தியும் வரும், வராமலும் போகும். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களை இரு கரைகளிலும் பிரித்துப்போட்ட பின்னர், அக்கடிதங்களே உறவின் எஞ்சிய இழை.

முத்திரையில் இம்மக்களின் தொழிலுக்கு இடம் இல்லாமற் போகவில்லை. 1935இல் வெளியான இலங்கை முத்திரை வரிசையில் 2 சதத்தில் இறப்பர் பால்வெட்டும் காட்சியும், 9 சதத்தில் கொழுந்து பறிக்கும் காட்சியும் இடம்பெற்றன. சப்பிரகமுவத் தோட்டங்களின் இரு தொழில்களும் அவைதாம். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அத்தொழிலாளரை நாடற்றோராக்கியது. தொழிலைக் காட்டிய படம் உலகெங்கும் சென்றது. தொழிலாளியின் வாசலுக்கு ஓர் இலக்கமும் வரவில்லை.

லயத்துச் சிறுவனொருவன் இந்தியக் கடித உறையிலிருந்து நீரில் ஊறவைத்துப் பிரித்தெடுத்துக் கொப்பியில் ஒட்டும் ஆரியபட்டா முத்திரைக்குச் சேகரிப்போர் சந்தையில் பெருவிலை இராது. படத்தின் பாதியைக் குறியின் மை மறைத்திருக்கும். ஆனால், கடிதம் எந்த ஊரில், எத்திகதியில் புறப்பட்டதென்பதைச் சொல்வது அம்மைதான். ஆபீசில் அது எத்தனை நாள் கிடந்திருக்குமென்று அவ்வீட்டார் கணக்குப் பார்ப்பதும் அதை வைத்துத்தான்.