ஊவாத் தோட்டங்களின் கரப்பந்து மரபு

தமிழகத்தார் கைப்பந்து என்று சொல்லும் ஆட்டத்தையே இலங்கையில் நாம் கரப்பந்து என்கிறோம். கரமும் கையும் ஒன்றேயாயினும், இந்தப் பெயர் வேற்றுமையில் நமக்கொரு சௌகரியம் உண்டு; ஏழு பேர் ஓரணியாகி, பந்தைக் கையால் எறிந்து கோலுக்குள் செலுத்தும் ஹேண்ட்போல் ஆட்டத்திற்குக் கைப்பந்து என்னும் பெயரை நாம் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம். 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் பதினொருவர் ஆட்டமாகத் திறந்த வெளியில் ஆடப்பெற்று, 1972இல் மியூனிக்கில் எழுவர் ஆட்டமாகக் கூரையின்கீழ் புகுந்து யூகோஸ்லாவியருக்குத் தங்கம் தந்த அந்த விளையாட்டு, 2010இல் டாக்காவில் தெற்காசிய விளையாட்டு விழாவிலும் இடம்பெற்றது. ஆயினும் அது நம் ஊவா மாகாணத்துத் தேயிலை மலைகளில் வேர் கொள்ளவில்லை. அதற்கு வேண்டுவது நாற்பது மீட்டர் நீளமும் இருபது மீட்டர் அகலமுமான சமதரை. கரப்பந்துக்கோ பதினெட்டுக்கு ஒன்பது போதும். எண்ணூறு சதுர மீட்டர் எங்கே, நூற்று அறுபத்திரண்டு எங்கே! ஏறக்குறைய ஐந்து மடங்கான இந்த வித்தியாசத்திலேயே ஊவாத் தோட்டங்களின் விளையாட்டுச் சரித்திரம் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

பசறையிலிருந்து லுணுகலைக்கும், மடூல்சீமைக்கும் நமுனுகுலைக்கும், இந்தப் பக்கம் அப்புத்தளை வரைக்கும் பஸ்ஸில் போகிறவர் ஜன்னல் வழியே பார்த்தால், கொழுந்துச் செடி ஏறாத சரிவு எதுவும் கண்ணில் படாது. சமதரை என்று இருப்பவை தொழிற்சாலை முற்றம், கோயில் வாசல், பிரட்டுக்களம் ஆகிய மூன்றே. காலையில் பெயர் கூப்பிட்டு மலைக்கு ஆள் பிரித்த அதே பிரட்டுக்களத்தில், மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்தபின் இரண்டு கம்பங்களை நட்டு வலையைக் கட்டினால் மைதானம் தயார். வலை வாங்க வழியில்லாத காலத்தில் கயிறும், கயிறு தெளிவாகத் தெரியவேண்டும் என்பதற்காக அதில் தொங்கவிட்ட சாக்குத் துண்டுகளும் போதுமானவையாக இருந்தன. என் பால்யத்தில் நான் கண்ட முதல் கரப்பந்து ஆட்டம் அப்படிப்பட்ட கயிற்றின் மேல் நடந்ததுதான்.

அமெரிக்காவில் வில்லியம் மோர்கன் 1895இல் வகுத்த இந்த ஆட்டத்தை 1916இல் கொழும்பு வை.எம்.சி.ஏ.வின் உடற்பயிற்சி இயக்குநராயிருந்த கேமக் என்பவர் இலங்கையில் அறிமுகப்படுத்தினார். 1991இல் அது நாட்டின் தேசிய விளையாட்டாகப் பிரகடனம் செய்யப்பட்டது. பிலிப்பைன்ஸ் ஆட்டக்காரர்கள் ஒருவர் உயரத் தூக்கிக் கொடுக்க மற்றவர் ஓங்கி அடிக்கும் முறையை உருவாக்கியதாகச் சொல்லப்படுவதும் அதே 1916ஆம் ஆண்டைச் சேர்ந்த செய்தி.

அந்த அடியை எவ்வாறு பிரயோகிப்பது, எவ்வாறு எதிர்கொள்வது என்ற கேள்வியிலிருந்தே உலகத்துச் சம்பிரதாயங்கள் பிரிந்தன. நெடிய உருவமும் தோள்பலமும் கொண்டு வலைக்கு மேலே சுவர் எழுப்பிய சோவியத் ஆடவர் 1964லும் 1968லும் ஒலிம்பிக் தங்கம் பெற்றனர். அவர்களைவிட உயரத்தில் குறைந்த ஜப்பானியர், எதிரி குதித்து இறங்கும் கணத்தில் தாம் அடிக்கும்படி நேரத்தைப் பின்னி, 1964இல் வெண்கலம், பின்னர் மட்சுதைரா என்ற பயிற்றுநரின் கீழ் 1968இல் வெள்ளி, 1972இல் தங்கம் என்று படிப்படியாக ஏறினர். ஜப்பானியப் பெண்களோ, தைமட்சு என்ற ஆசிரியரின் கீழ், பந்தை எடுத்தபடியே தரையில் உருண்டு எழும் வித்தையை அப்பியாசம் செய்து, 1964 டோக்கியோவில் சோவியத் அணியையே வீழ்த்தினர். தாழ்ந்து எடுக்கும் கலைக்கு உலக அரங்கில் கிடைத்த முதற் பெருங்கௌரவம் அதுவே என்று நான் கருதுகிறேன்.

நம் நாட்டிலும் சம்பிரதாயங்கள் உண்டு. வென்னப்புவைக் கரையோரத்துக் கிராமங்கள் இந்த ஆட்டத்தையே தம் பெருமையாகக் கொண்டவை. யாழ்ப்பாணத்தார் 'ஓவர்' என்றும் 'செட்டப்' என்றும் இருவகை ஆட்டங்களைப் பிரித்துப் போற்றி, புலம்பெயர்ந்த தேசங்களுக்கும் அவற்றைக் கொண்டுசென்றிருக்கிறார்கள். தேசிய ஆடவர் அணியின் ஆட்டக்காரர்களில் பலர் முப்படை அணிகளிலிருந்து வருகிறவர்கள். அங்கே முறையான பயிற்சியும், நல்ல ஆகாரமும், மாதச் சம்பளமும் ஆட்டக்காரனைத் தாங்குகின்றன. 2018இல் ஆசிய சவால் கிண்ணப் போட்டி கொழும்பிலேயே நடந்து, ஈராக் அணி அதை வென்றபோது, மேற்காசியரின் உயரத்தைப் பற்றியே எங்கள் ஊர் இளைஞர் பல நாள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஊவாத் தோட்டங்களின் சம்பிரதாயம் பந்தை எடுக்கும் சம்பிரதாயம். அதைக் கற்பித்தது எந்த ஆசிரியரும் அல்லர், சரிவுதான். பிரட்டுக்களத்தின் பணியப் பக்கத்தில் பந்து ஒருமுறை தப்பினால், தேயிலைத் தூர்களின் இடையே உருண்டு அடுத்த லயத்தின் கூரைவரை போய்விடும். அதை எடுத்துவர ஒருவன் இறங்கி ஏறுவதற்குள் இருட்டு வந்துவிடும், அல்லது மூடுபனி வலையை மறைத்துவிடும். ஆகையால் பந்தைத் தரையில் விழவிடுவது வெறும் புள்ளி நஷ்டமாக எங்களுக்குத் தோன்றியதில்லை. அன்றைய மாலையையே நஷ்டப்படுத்தும் குற்றமாகத் தோன்றியது. சரிவின் ஓரத்தில் சிறுவன் ஒருவனைக் காவல் நிறுத்துவார்கள். தப்பிய பந்துகளை நெஞ்சாலும் முழங்கையாலும் மறித்து மறித்துப் பழகிய அந்தச் சிறுவனே, நாலைந்து வருஷம் கழித்து அணியின் பின்வரிசையில் யாராலும் ஏமாற்ற முடியாத ஆளாக நிற்பான். ஓர் அடியை எப்படி அடித்தான் என்பதைவிட எப்படி எடுத்தான் என்பதற்கே கூட்டம் கைதட்டும். பெரியவர்கள் ஆட்டத்தை மதிப்பிட்ட அளவுகோலும் அதுவே.

இந்த மரபு முறியாமல் வந்ததென்று சொல்ல முடியாது. 1964ஆம் ஆண்டு இந்திய - இலங்கை ஒப்பந்தத்தின்படி குடும்பங்கள் பிரிந்து, பதுளை ஸ்டேஷனிலிருந்து தலைமன்னாருக்கு அழுகைக் கோச்சி ஏறிய ஆண்டுகளில், எங்கள் தோட்டத்து அணியின் ஆறு பேரில் மூவர் ராமேசுவரம் போய்ச் சேர்ந்தார்கள். தூக்கிக் கொடுப்பவர் போய்விட்ட அணியில் அடிப்பவர் என்ன செய்வார்? நெடுநாள் அந்தக் கம்பங்களில் கொடி கட்டித் துணிதான் காயப்போட்டார்கள்.

இனி உயரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். இதைச் சொல்லாமல் தராதரம் பேசுவது நியாயமாகாது. ஆடவர் வலையின் உயரம் 2.43 மீட்டர், அது கொழும்பிலும் அதுதான், லுணுகலையிலும் அதுதான். ஆனால் 2016ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணிப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்குப் பதினேழு பேர். தோட்டப் பகுதியிலோ நூற்றுக்கு முப்பத்திரண்டு பேர். தாயின் கர்ப்பத்திலும் பிள்ளையின் முதல் இரண்டு வருஷத்திலும் இழந்த உயரத்தை எந்த அப்பியாசமும் திருப்பித் தருவதில்லை. பதினாறு வயதில் தேர்வுக்குப் போகிற தோட்டத்துப் பையனைச் சுவரோரம் நிறுத்தி அளந்து, பந்தைக் கையில் கொடாமலே திருப்பி அனுப்பியதை நான் கூட இருந்து பார்த்திருக்கிறேன். வருஷக்கணக்காகச் சரிவின் ஓரத்தில் நின்று அவன் கற்றதை அந்தக் கோல் எப்படி அறியும்?

இந்த நிலையில் 1998இல் சர்வதேச விதிகளில் லிபரோ என்னும் ஸ்தானம் ஏற்பட்டதை நான் எங்களுக்கென்றே வந்த விதியாக எண்ணி மகிழ்ந்தேன். பின்வரிசையில் மட்டும் ஆடி, வலைக்கு மேலான பந்தை அடிக்காமல், எடுப்பதையே தொழிலாகக் கொண்டவர் லிபரோ. குதித்து மறிக்கும் உயரம் அவருக்கு வேண்டுவதில்லை. எங்கள் பின்வரிசைக்காரர்கள் மூன்று தலைமுறையாகச் செய்துவந்த காரியத்திற்கு உலகம் ஒரு பெயரும் தனி இடமும் கொடுத்துவிட்டது. மறு வருஷம் ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி என்ற முறை வந்தபோது, நழுவவிடாமல் எடுப்பவரின் மதிப்பு இன்னும் உயர்ந்தது. தேசியத் தேர்வாளர்கள் ஊவாவுக்கு வருவார்களானால், முதலில் லிபரோக்களையே தேடி வரவேண்டும் என்று இக்கட்டுரையின் வாயிலாக விண்ணப்பித்துக்கொள்கிறேன்.

லிபரோ மற்றவர்களினின்றும் வேறு நிறச் சட்டை அணியவேண்டும் என்பது விதி. சென்ற தைப்பொங்கலை ஒட்டிப் பசறைக்கு மேலே ஒரு தோட்டத்தில் நடந்த போட்டிக்குப் போயிருந்தேன். அணி முழுவதற்கும் ஒரே நிறத்தில் சட்டை வாங்க அவர்களிடம் பணம் இல்லை. ஐந்து பேர் ஆளுக்கொரு சட்டையோடு நின்றார்கள். பின்வரிசையில் நின்ற குட்டைப் பையனுக்கு மட்டும், பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் கிடைத்த மஞ்சள் பனியனைத் துவைத்து, முதுகில் கறுப்பு மையால் எண் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.