செம்பைச் செதுக்கும் முன்

சிலாங்கூரின் வடமேற்கு மூலையில், செம்பனையும் தென்னையும் நெல்வயலும் சூழ்ந்த சாபாக் பெர்ணம் மாவட்டத்தில் இருக்கிறது சுங்கை ஆயர் தாவார். ஊரை ஒட்டிய சுங்கை லாங்கில் சுல்தான் இட்ரிஸ் ஷா பொலிடெக்னிக் இயங்குகிறது. மின் பொறியியல் அங்கே ஒரு முக்கியத் துறை. மலேசியப் பொலிடெக்னிக்குகளில் டிப்ளோமா முடிக்கும் மாணவர்கள் இறுதியில் ஒரு திட்டப்பணி செய்து காட்ட வேண்டும். இந்தக் கடலோர மண்ணில் ஒரு மாணவருக்கு என்ன தோன்றும்? தோட்டத்து வாய்க்காலில் நீர் ஏறினால் பம்பைத் தானே ஓடவிடும் ஒரு சின்னக் கருவி என்று வைத்துக்கொள்வோம். உணரியும் ரிலேவும் கடையில் கிடைக்கும். அவற்றை இணைக்கும் மின்சுற்றுப் பலகையைத்தான் அவரே உருவாக்க வேண்டும்.

அதற்கு மூன்று வழிகள் உண்டு. ஃபெரிக் குளோரைடு கரைசலில் செம்பை அரித்தெடுப்பது பழைய வழி. மலிவானது, ஆனால் செம்பு கலந்த கழிவுநீர் மிஞ்சும். தொழிற்கூடங்களின் நச்சுக் கழிவுகளைப் பட்டியலிட்டு ஒழுங்குபடுத்த 2005-லேயே மலேசியா விதிமுறை இயற்றிவிட்டது. அத்தகைய நீரைக் கழிவறையில் கொட்டுவது ஒரு கல்விக்கூடத்துக்கு அழகில்லை. இரண்டாவது, சீனத் தொழிற்சாலைக்கு வரைபடக் கோப்பை அனுப்பிவிட்டு, சில டாலருக்கு ஐந்து பலகைகள் வரும்வரை காத்திருப்பது. மூன்றாவது வழி மில்லிங்: கணினிக் கட்டளைப்படி இயங்கும் சி.என்.சி. இயந்திரம், செம்புப் பலகையில் தடங்களைச் சுற்றி மட்டும் மெல்லிய பள்ளம் வெட்டி அவற்றைப் பிரித்துவிடும். அரிக்கும் கரைசல் வேண்டாம், காலையில் வரைந்தது மாலையில் கையில் இருக்கும்.

புதிய உத்தி என்று இதைச் சொல்ல முடியாது. 1976-இல் தொடங்கப்பட்ட எல்.பி.கே.எஃப். என்ற ஜெர்மன் நிறுவனத்தின் பெயரே, பலகையை மில்லிங் செய்து படியெடுப்பது என்று பொருள்படும் ஜெர்மன் சொற்களின் சுருக்கம். ஆய்வுக்கூடங்களுக்கு மட்டுமே கட்டுப்படியான இந்த வேலை, இயந்திரத்தை இயக்கும் ஜி.ஆர்.பி.எல். என்ற இலவச மென்பொருளும் மேசைமேல் வைக்கும் சிறு இயந்திரங்களும் வந்த பிறகே வகுப்பறைக்குள் நுழைந்தது. அதோடு ஒரு தவறான நம்பிக்கையும் சேர்ந்து நுழைந்தது: படம் சரியாக இருந்தால் போதும், மற்றதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்பது அது. பலகை கெட்டுப்போனால் இயந்திரத்தைத் திட்டுகிறார்கள். பல பலகைகளோ இயந்திரத்தை இயக்குவதற்கு முன்பே, ஆயத்த வேலையிலேயே கெட்டுவிடுகின்றன.

காரணம், கோப்பின் பிறப்பில் இருக்கிறது. கிகேட் போன்ற வரைவு மென்பொருள்கள் வெளியிடும் கெர்பர் கோப்பு, ஒளியால் படம் வரையும் கருவிக்காகப் பிறந்தது. செம்பு எங்கே நிற்க வேண்டும் என்பதை மட்டுமே அது சொல்லும். மில்லிங் இயந்திரம் படிக்கும் ஜி-கோடு, வெட்டும் பிட் எந்த வழியாகப் போக வேண்டும், எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்று சொல்லும். இரண்டுக்கும் மூலம் ஆர்.எஸ்.-274 என்ற ஒரே தரவரையறை. ஒரு வீட்டுப் பிள்ளைகள் வெவ்வேறு ஊரில் வளர்ந்ததுபோல் ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது. ஃப்ளாட்கேம், பிசிபி2ஜிகோட் போன்ற இலவச மென்பொருள்கள் நடுவில் நின்று மொழிபெயர்க்கின்றன. அந்த மொழிபெயர்ப்புக்குத் தேவையான விவரங்கள், அதாவது பிட்டின் அகலமும் ஆழமும் சுற்றும் வேகமும், கெர்பர் கோப்பில் இருப்பதில்லை. அவற்றை மனிதர்தான் தர வேண்டும்.

பிட்டின் அகலம் என்பதே ஒற்றை எண்ணாக நிற்பதில்லை. பலரும் வாங்குவது கூம்பு வடிவ வி-பிட். நுனி 0.1 மி.மீ., கோணம் 30 பாகை என்று கொள்வோம். 0.1 மி.மீ. ஆழம் இறங்கினால் பள்ளத்தின் அகலம் சுமார் 0.15 மி.மீ.; 0.3 மி.மீ. இறங்கினால் 0.26. 60 பாகை பிட்டாக இருந்தால் அதே இரு ஆழங்களில் 0.22-இலிருந்து 0.45-க்குத் தாவும். பலகையின் செம்புப் படலமோ வழக்கமாக 0.035 மி.மீ. தடிப்புதான். மின்னணுத் துறையின் தர அமைப்பான ஐ.பி.சி., பரப்பில் ஒட்டும் பாகங்களுக்கான பலகையிலேயே 0.75 விழுக்காடு வளைவை ஏற்றுக்கொள்கிறது. 100 மி.மீ. நீளத்தில் அது 0.75 மி.மீ., செம்பின் தடிப்பைப்போல் இருபது மடங்குக்கும் அதிகம். ஒரு மூலையில் தடம் கரைந்துபோய், எதிர்மூலையில் கீறல்கூட விழாத பலகைகள் இப்படித்தான் பிறக்கின்றன.

இதற்குத் தீர்வு உண்டு. ஒரு கம்பியைப் பிட்டிலும் மறு கம்பியைச் செம்பிலும் மாட்டி, பலகையின் பல புள்ளிகளில் பிட்டை மெல்ல இறக்கித் தொடவைத்தால், மேடு பள்ளம் வரைபடமாகப் பதிவாகும். வெட்டும் ஆழத்தை மென்பொருள் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும். இதற்குச் சில நிமிடங்களே ஆகும்; ஆனாலும் சோம்பலால் இதை விட்டுவிடுபவர்கள் உண்டு.

இதைவிடச் சிக்கலானது, சத்தமில்லாமல் விழும் பிழை. 0.4 மி.மீ. பிட்டை வைத்துக்கொண்டு, 0.25 மி.மீ. இடைவெளி கொண்ட இரண்டு பேடுகளை, அதாவது பாகங்களின் கால்கள் ஒட்டும் செம்புத் திட்டுகளைப் பிரிக்கச் சொன்னால், பிட் அந்தச் சந்துக்குள் நுழைய முடியாது. பாதை கணிக்கும் மென்பொருள் பல வேளைகளில் எந்த எச்சரிக்கையும் தராமல் அந்த இடத்தை விட்டுவிட்டு, இரண்டையும் சேர்த்து வெளியே ஒரு கோடு போட்டுவிடும். திரையில் எல்லாம் அழகாகத் தெரியும். பலகையில் இரு கால்களும் ஒட்டியே இருக்கும். ஆகவே எந்த பிட் கையில் இருக்கிறதோ அதன் அகலத்தை, முதல் தடத்தை வரைவதற்கு முன்பே வரைவு மென்பொருளின் இடைவெளி விதியாக எழுதிவிட வேண்டும். தொழிற்சாலைக்கு என்று வரைந்த படத்தை அப்படியே மில்லிங்குக்குத் தள்ளும் பழக்கமே இந்த முறையின் மிகப் பெரிய குறை.

கண்ணாடிப் பிம்பம் இன்னொரு பொறி. துளைவழிப் பாகங்கள் மேலே, செம்பு அடியில். வரைவு மென்பொருள் அடிப்பக்கத்தையும் மேலிருந்து ஊடுருவிப் பார்ப்பதுபோலவே காட்டும். வெட்டும்போது பலகை கவிழ்ந்திருப்பதால் படத்தை இடம்வலமாகத் திருப்ப வேண்டும். துளையிடும் இடங்களைச் சொல்லும் துளைக் கோப்பையும் கூடவே திருப்ப வேண்டும். மறந்தால் ரெசிஸ்டர் தப்பிக்கும், ஐ.சி.யின் கால்கள் இடம் மாறிவிடும். துளைக் கோப்பில் எண்கள் தசமப்புள்ளி இல்லாமல் எழுதப்படுவதும், அங்குலமும் மில்லிமீட்டரும் குழம்புவதும் தனிக் கதை.

ஆயத்தத்தை முறையாக்கினால் இதே உத்தி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஃபேப் லேப் என்ற சிறு தயாரிப்புக் கூடங்களின் இயக்கம் சான்று. எம்.ஐ.டி.யில் நீல் கெர்ஷென்ஃபெல்ட் 1998-இல் தொடங்கிய பாடத்திலிருந்து வளர்ந்தது அது. புனே மாவட்டத்துப் பாபல் கிராமத்தின் விஞ்ஞான் ஆசிரமம் 2002-இலேயே அதில் சேர்ந்தது. அந்தக் கூடங்களில் தடம் வெட்ட 1/64 அங்குல பிட், பலகையை அறுத்தெடுக்க 1/32 அங்குல பிட் என்பது ஏறத்தாழ நிலைத்த வழக்கம். மாணவர் அந்த அளவுக்கு ஏற்பவே வரையப் பழகுகிறார். பலகையும் பெரும்பாலும் காகிதமும் பிசினும் சேர்ந்த எஃப்.ஆர்-1. கண்ணாடி இழை கொண்ட எஃப்.ஆர்-4 பிட்டை வேகமாக மழுங்கடிக்கும். அதன் தூசு நுரையீரலுக்கு ஆகாது. எதை வெட்டுவது என்று தேர்ந்தெடுப்பதும் ஆயத்தத்தின் ஒரு பகுதி.

மீண்டும் வாய்க்கால் பம்புக்கு வருவோம். அந்தப் பலகையில் ரிலேயின் ஒரு பக்கம் 5 வோல்ட், மறுபக்கம் 230 வோல்ட். இரண்டுக்கும் நடுவே ஆறு மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இடைவெளி விடுவது வழக்கம். தடத்தைச் சுற்றி ஒரே வெட்டு என்ற மில்லிங் அமைப்பிலோ இடையிலுள்ள செம்பு எங்கும் இணையாத தீவாக அங்கேயே கிடக்கும். உயர் மின்னழுத்தத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு பிட் அகலப் பள்ளம் மட்டுமே காவல். படத்தில் ஆறு மில்லிமீட்டர் இருந்தும் பலகையில் இல்லை. அந்தப் பகுதியின் செம்பை முழுதாகச் சுரண்டி எடுக்கும்படி தனியாகக் கட்டளை தர வேண்டும். உயிர் காக்கும் இந்தப் படி, நேரம் மிச்சம் என்று தவிர்க்கக் கூடியதல்ல.

எவ்வளவு கவனமாக ஆயத்தம் செய்தாலும் தீராத குறைகளும் உண்டு. துளையின் உட்சுவரில் செம்பு பூச முடியாததால், இருபக்கப் பலகையில் மேல்தடத்தையும் கீழ்த்தடத்தையும் கம்பி செருகி ஈயம் வைத்துத்தான் இணைக்க வேண்டும். தொழிற்சாலைப் பலகையில் தடங்களை மூடியிருக்கும் பச்சைப் பூச்சு இல்லாததால் ஈயம் எளிதில் பக்கத்துத் தடத்துக்குப் பாயும். உப்புக்காற்றும் ஈரமும் நிறைந்த இந்தக் கரையோரத்தில் மூடப்படாத செம்பு விரைவில் பச்சை பிடிக்கும். மேலே ஒரு பாதுகாப்புப் பூச்சு அடிக்காமல் பம்புக் கொட்டகையில் மாட்டக் கூடாது. பத்துப் பலகை வேண்டுமென்றால் தொழிற்சாலையே மேல்.

அப்படியானால் இந்த உத்தி யாருக்கு? முதல் பலகையைச் செய்பவருக்கு. 1970-களிலிருந்து மலேசியாவின் பாயான் லெப்பாஸ், சுங்கை வே மின்னணுத் தொழிற்சாலைகளில் தோட்டத்துப் பெண்கள் பலரும் வேலைக்குப் போனார்கள். வேறெங்கோ வரையப்பட்ட பலகைகளில் ஈயம் வைத்தார்கள், பரிசோதித்தார்கள். வரைபடத்தில் ஒரு கோட்டை மாற்றும் வேலை அவர்களுக்கு வரவில்லை. அந்தக் குடும்பங்களின் அடுத்த தலைமுறை வரைபவராக வேண்டும் என்றால், தன் கோடு ஏன் பலித்தது, ஏன் பலிக்கவில்லை என்று அன்றைக்கே பார்க்கும் வாய்ப்பு வேண்டும். மில்லிங் அதைத் தருகிறது. ஆனால் வகுப்பறை மதிப்பெண் முடிந்த பலகைக்கே போகிறது. பிட்டின் அளவைக் குறித்து இடைவெளி விதி எழுதியது, மேடு பள்ளம் அளந்தது, கழிவுத் துண்டில் சோதனை வெட்டு போட்டது, ஈயம் வைக்குமுன் ஒவ்வொரு தடத்தையும் மல்டிமீட்டரால் தொட்டுப் பார்த்தது ஆகியவற்றுக்கும் மதிப்பெண் தந்தால், பம்புக்கான முதல் பலகை திங்கட்கிழமை கெட்டாலும், எங்கே கெட்டது என்று தெரிந்து செவ்வாய்க்கிழமை இரண்டாவதை வெட்டிவிடலாம்.