வெட்டு எடுத்தால் போதுமா?

மேல்நிலைக் கணக்கில் இரண்டு வர்க்கமூலச் சார்புகளைச் சேர்க்கச் சொன்னால், வகுப்பில் பழக்கும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். ஒவ்வொன்றின் மதிப்பகத்தையும் தனித்தனியே கண்டுபிடி, இரண்டுக்கும் வெட்டு எடு, பகுதி பூச்சியமாகும் இடத்தை நீக்கு, அப்புறம் சுருக்கு. பாதிக் கணக்குகளுக்கு இது மிக நல்ல வழி. மீதிப் பாதியில்தான் சிக்கல்.

√(க−2), √(5−க) இரண்டையும் எடுத்துக்கொள்வோம். முதலாவதில் க 2-க்குக் குறையக் கூடாது. இரண்டாவதில் 5-ஐத் தாண்டக் கூடாது. கூட்டினாலும் கழித்தாலும் பெருக்கினாலும் மதிப்பகம் 2 முதல் 5 வரை. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 5 போய்விடும், மாற்றி வகுத்தால் 2 போய்விடும். இதுவரை குறை சொல்ல எதுவுமில்லை.

வெட்டு எடுப்பதைவிட, சுருக்குவதற்கு முன்னால் எடுக்கச் சொல்வதில்தான் இந்த வழியின் பலம் இருக்கிறது. √(க−1) × √(க−3) என்று கண்டதும் √((க−1)(க−3)) என்று சேர்த்தெழுதத்தான் கை போகும். க-வுக்கு 0 கொடுத்துப் பாருங்கள். சேர்த்தெழுதியதில் √3 வருகிறது. பிரிந்திருந்ததில் √−1, √−3. மெய்யெண்களில் இரண்டுமே கிடையாது. பெருக்கலின் மதிப்பகம் 3-உம் அதற்கு மேலும்தான். சேர்த்தெழுதியதும் 1-உம் அதற்குக் கீழுள்ள எண்களும் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடுகின்றன. க-வுக்கு 0 கொடுத்துப் பிரிந்த வடிவத்தையே கணக்கிடச் சொன்னால், பைத்தான் நிரல்மொழியில் மெய்யெண் வர்க்கமூலக் கட்டளை பிழை காட்டி நின்றுவிடும். கலப்பெண் கட்டளையோ −√3 என்று விடை தரும். ஆக, ஒரே புள்ளிக்கு மூன்று பதில்கள்.

மாணவர்களை மட்டும் சறுக்க வைக்கும் இடமல்ல இது. 1770-இல் வெளியான தம் இயற்கணித நூலில் கணிதமேதை ஆய்லரே √−1-ஐ √−4-ஆல் பெருக்கினால் 2 என்று எழுதினார். இன்றைய வழக்கப்படி விடை −2. வர்க்கமூலத்தின் இரு மதிப்புகளையும் மனத்தில் வைத்தே அவர் எழுதினார் என்று வாதாடுவோரும் உண்டு. எப்படியானாலும், மதிப்பகத்தை முதலில் எழுதிவைத்தவருக்கு இந்த வழக்கே இல்லை.

ஆனால் ‘வெட்டு எடு’ என்பது மந்திரமாகிவிட்டால் சார்புகளின் சேர்ப்பில், அதாவது ஒரு சார்புக்குள் இன்னொன்றை வைப்பதில், காலை வாரிவிடும். அதே √(க−2)-க்குள் √(5−க)-வை வையுங்கள்: √(√(5−க)−2). மனப்பாடம் செய்தவர் 2 முதல் 5 வரை என்று எழுதிவிடுவார். க-வுக்கு 4 கொடுத்தால் உள்ளே இருப்பது 1. அதில் 2 போனால் −1. உள்மூலம் குறைந்தது 2 ஆக வேண்டுமானால் 5−க குறைந்தது 4 ஆக வேண்டும். எனவே க 1-உம் அதற்குக் கீழும். எழுதிய விடைக்கும் சரியான விடைக்கும் பொதுவாக ஒரு புள்ளிகூட இல்லை! மாற்றிச் சேர்த்தால் √(5−√(க−2)). அதற்கு 2 முதல் 27 வரை. இங்கே பார்க்க வேண்டியது, உள்ளிருந்து வெளிவரும் மதிப்பை வெளிச்சார்பு ஏற்குமா என்பதை. நான்கு செயல்களுக்குப் பத்துக் கணக்கு போட்டுவிட்டுச் சேர்ப்புக்கு ஒன்றோடு நிறுத்தும் பயிற்சி, தவறான பழக்கத்தைத்தான் உறுதிப்படுத்தும். சேர்ப்பை முன்னால் வைப்பதே மேல்.

இன்னொரு குறை கண்ணுக்குத் தெரிவதில்லை. ‘மதிப்பகம் காண்க’ என்று கேட்டுக் கேட்டு, மதிப்பகம் சூத்திரத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது என்ற எண்ணம் படிந்துவிடுகிறது. கறாராகப் பார்த்தால் மதிப்பகம் சார்போடு சேர்த்துத் தரப்பட வேண்டியது. தராதபோது, சூத்திரம் இடம் கொடுக்கும் மிகப் பெரிய மெய்யெண் கணத்தை எடுத்துக்கொள்வது நாம் செய்துகொண்ட ஏற்பாடு.

ஓர் எடுத்துக்காட்டு: 3 மீட்டர், 4 மீட்டர் உயரத்தில் இரு கம்பங்கள், இடையே 7 மீட்டர். இரண்டுக்கும் இடையில் தரையில் ஒரு முளை அடித்து, இரு உச்சிகளிலிருந்தும் அதற்குக் கம்பி இழுக்க வேண்டும். முதல் கம்பத்திலிருந்து முளை க மீட்டர் என்றால் கம்பியின் நீளம் √(9+க²) + √(16+(7−க)²). மூலங்களுக்குள் குறை எண் வரவே வராது. வகுப்பு வழிப்படி மதிப்பகம் எல்லா மெய்யெண்களும். மிகக் குறைந்த நீளம் கேட்டால் தப்பித்துவிடலாம்: க = 3-இல் 7√2, ஏறத்தாழ 9.9 மீட்டர். மிக அதிக நீளம் எவ்வளவு என்று கேட்டாலோ சூத்திரத்திடம் பதில் இல்லை. க எட்டப் போகப் போக நீளம் வளர்ந்துகொண்டே போகும். முளை 0-வுக்கும் 7-க்கும் இடையில்தான் என்று தரையைப் பார்த்துச் சொன்ன பிறகே, க = 7-இல் ஏறத்தாழ 11.6 மீட்டர் என்று கம்பி வாங்க முடியும்.