காசைத் தட்டிப் பார்த்தவள்

புச்சினியின் ‘மேடம் பட்டர்ஃப்ளை’ (1904) இசைநாடகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கடைசிக் காட்சியைத்தான் பேசுகிறார்கள். கைவிடப்பட்ட ஜப்பானியப் பெண், தந்தையின் கத்தி, தற்கொலை. வகுப்பில் நான் முதல் காட்சியைத் தாண்ட விடுவதில்லை. நாகசாகியில் ஒரு குன்றின்மேல் அமெரிக்கக் கடற்படை அதிகாரி பிங்கர்டன் வீடு பார்க்கிறான். கூடவே கல்யாணமும் நடக்கிறது. இரண்டுக்கும் தரகன் ஒருவனே, கோரோ. வீட்டுக்குக் குத்தகை 999 ஆண்டு. ஆனால் மாதாமாதம் முறித்துக்கொள்ளலாம். கல்யாணத்துக்கும் அதே நிபந்தனைதான். பெண் எப்படி என்று கேட்கும் அமெரிக்கத் தூதரிடம் கோரோ அவளைப் புதுப் பூமாலைக்கு ஒப்பிட்டுவிட்டு, கையோடு விலையையும் சொல்கிறான்: 100 யென். அதுவும் ஒரு பொருட்டே இல்லை என்கிற தொனியில்.

இன்று ‘பாஸ்போர்ட் புரோ’ என்று தங்களை அழைத்துக்கொண்டு மெதெயினுக்கும் செபுவுக்கும் பாங்காக்குக்கும் தனியாகக் குடிபோகும் மேற்கத்திய ஆண்கள் இரண்டு காரணங்கள் சொல்கிறார்கள். அங்கே வாழ்க்கைச் செலவு குறைவு. அங்குள்ள பெண்கள் தங்கள் ஊர்ப் பெண்களைப்போல் இல்லாமல் அன்பானவர்கள், அனுசரித்துப் போகிறவர்கள். முதல் காரணத்தைப் பொருளாதாரம் என்றும் இரண்டாவதைக் காதல் என்றும் தனித்தனியே வைக்கிறார்கள். இரண்டும் ஒரே பத்திரத்தில் வருகிறவை என்பது கோரோவுக்குத் தெரிந்திருந்தது.

அந்த ஆண்கள் கணக்குப் பார்ப்பதில் எனக்குப் புகார் இல்லை. இருக்கிற சம்பளத்தில் எங்கே நன்றாக வாழலாம் என்று யாரும் யோசிக்கலாம். நான் கவனிப்பது வேறொன்றை. இந்த வகைக் கதைகளில் ஆண் கணக்குப் பார்த்தால் அது விவரம். பெண் பார்த்தால் அவள் காதல் பொய்யாகிவிடுகிறது.

பட்டர்ஃப்ளைக்கு முன்னோடியான பியர் லொத்தியின் ‘மதாம் கிரிஸாந்தேம்’ (1887) நாவலில் இதை அப்பட்டமாகப் பார்க்கலாம். லொத்தி பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. 1885 கோடையில் நாகசாகியில் தங்கியிருந்த அனுபவத்திலிருந்து எழுதினார். கதைசொல்லி கரையிறங்கியதும் தரகனிடம் போகிறான். காட்டப்பட்ட முதல் பெண்ணை வேண்டாம் என்கிறான். கூட வந்திருந்த இன்னொருத்தியைத் தேர்ந்தெடுக்கிறான். பேரம் படிகிறது, மலைமேல் வீடும் அமைகிறது. இவ்வளவையும் வாசகர் சிரித்தபடி படித்துக்கொண்டு போகும்படிதான் எழுதியிருக்கிறார். கப்பல் புறப்படும் நாளில் அவன் விடைபெறத் திரும்பி வருகிறான். அவள் அழவில்லை. தரையில் உட்கார்ந்து, அவன் கொடுத்த வெள்ளி நாணயங்களை ஒவ்வொன்றாகச் சிறு சுத்தியலால் தட்டி ஓசை கேட்கிறாள், நல்ல காசா கள்ளக் காசா என்று. கூடவே பாடிக்கொண்டும் இருக்கிறாள். அவனுக்கு அது நிம்மதியாகப் போகிறது. இவளுக்காக வருந்த வேண்டியதில்லை என்று.

மேடை இந்தப் பெண்ணை வைத்துக்கொள்ளவில்லை. அமெரிக்கச் சிறுகதை, நாடகம் வழியாகப் புச்சினியிடம் வந்து சேர்வதற்குள் அவள் காசு எண்ணாதவளாக, காத்திருக்கிறவளாக, கடைசியில் சாகிறவளாக மாறியிருந்தாள். உலகம் அவளுக்குத்தான் அழுதது.

ரிச்சர்ட் மேசனின் ‘த வேர்ல்ட் ஆஃப் சூசி வோங்’ (1957) இன்றைய வாசகருக்கு இன்னும் நெருக்கமானது. ராபர்ட் லோமாக்ஸ் ஓவியம் வரைய ஹாங்காங் வந்த ஆங்கிலேயன். கையில் காசு குறைவு. வான்சாய் பகுதியில் மலிவாக ஓர் அறை கிடைக்கிறது என்று மாத வாடகைக்கு எடுக்கிறான். அது பாலியல் தொழில் நடக்கும் விடுதி. அங்கேதான் சூசி. மாலுமிகள் வாடிக்கையாளர்கள், இவன் மட்டும் கலைஞன் என்கிற வேறுபாட்டைத்தான் நாவல் நம்மை நம்பச் சொல்கிறது. அவன் அங்கே வந்ததற்குக் காரணமான அந்த மலிவு வாடகையும் அந்தப் பெண்களின் உழைப்பால் நடக்கும் விடுதியின் வாடகைதானே என்று நாவல் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. (1960இல் வந்த திரைப்படத்தில் நான்சி குவானின் நடிப்பு நாவலின் சூசியைவிட எவ்வளவோ கூர்மை. அதைத் தனியாக எழுத வேண்டும்.)

நாவல்கள் மறைப்பதை அரசாங்க விதிகள் மறைப்பதில்லை. பட்டாயாவை ஒரு கடற்கரைக் கிராமத்திலிருந்து இன்றைய பட்டாயாவாக்கியதில் வியட்நாம் போருக்குப் பெரும் பங்குண்டு. அமெரிக்கப் படைவீரர்களின் ஓய்வுக்காக 1967இல் தாய்லாந்துடன் ஒப்பந்தமே போடப்பட்டது. இன்று 50 வயது கடந்த வெளிநாட்டவர் ஓய்வுக்கால விசாவில் அங்கே தங்க, வங்கி இருப்பாகக் காட்டுவதென்றால் 8,00,000 பாட் காட்ட வேண்டும். தாய்லாந்துப் பெண்ணை மணந்தவர் என்றால் 4,00,000 போதும். வெளிநாட்டவர் அங்கே பொதுவாக நிலம் வாங்க முடியாது. மனைவி பெயரில்தான் வாங்க வேண்டும். அப்போதும் அந்தப் பணம் அவளுடைய தனிச்சொத்து, தனக்கு அதில் பங்கில்லை என்று கணவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பிறகு மணமுறிவு வந்தால், அவள் வீட்டுக்காகத்தான் என்னைக் கட்டிக்கொண்டாள் என்ற புலம்பல். அவர் பாதி வைப்புத்தொகையில் விசா வாங்கியது அதில் வருவதில்லை.

“அந்தப் பொண்ணுக்கும் ஆதாயம் இருக்கே மேடம்?” என்று ஒரு மாணவி கேட்டாள். இருக்கிறது. இருக்கட்டும் என்பதுதான் என் வாதம். அவளைப் பாவம் என்று பார்ப்பதும் பேராசைக்காரி என்று பார்ப்பதும் அவள் கையிலிருக்கும் கணக்கைப் பிடுங்கிக்கொள்வதுதான். அந்த வகுப்பிலேயே ஒருத்தி, பெண் பார்க்க வந்த வெளிநாட்டு மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்டதற்காக ‘ரொம்பக் கணக்குப் பாக்குற பொண்ணு’ என்று பேர் வாங்கியிருந்தாள். அதற்கு முன்பே பவுன் கணக்கு பேசி முடிந்திருந்தது.

ஆணின் இடத்தில் பெண் இருந்தால்? உல்ரிஷ் ஸைடலின் ‘பாரடைஸ்: லவ்’ (2012) படத்தில் ஆஸ்திரியாவிலிருந்து கென்யக் கடற்கரைக்கு வரும் ஐம்பது வயதுப் பெண், தன்னோடு பழகும் இளைஞர்கள் பணம் கேட்கும்போது அதே ஆத்திரத்தோடு நொறுங்கிப் போகிறாள். யாருடைய நாணயத்துக்கு மதிப்பு அதிகமோ அவர்கள்தான் காசைப் பற்றிப் பேசாமல் காதலை மட்டும் எதிர்பார்க்கிறார்கள் என்று இந்தப் படம் எனக்குத் தெளிவாக்கியது. இந்தப் பெண்ணின் தனிமையை அது கேலி செய்வது மட்டும் எனக்கு உவப்பில்லை.

சிலப்பதிகாரம் நடத்தும்போது இந்த இடம் வேறுமாதிரி ஒலிக்கிறது. மாதவியின் மாலைக்கு விலை ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன். அதை இளங்கோ ஒளிக்கவில்லை. கூனி கையில் கொடுத்துத் தெருவில் நிறுத்திவிடுகிறார். அந்த விலையோடு தொடங்கிய உறவில்தான் மாதவி கோவலனுக்கு இரண்டு முறை கடிதம் எழுதுகிறாள், அவன் இறந்தபின் துறவு கொள்கிறாள். மாலை விற்றதனால் அவள் துயரம் பொய்யாகிவிடவில்லை. பரத்தமை என்ற ஏற்பாட்டை இளங்கோ கேள்வி கேட்டார் என்று நான் சொல்லவில்லை. விலையையும் அன்பையும் ஒருத்தியிடமே வைத்துப் பார்க்க அவருக்கு முடிந்தது, லொத்திக்கு முடியவில்லை.

லொத்தியின் கடைசிக் காட்சியைக் கிரிஸாந்தேமின் பக்கத்திலிருந்து எழுதிவரச் சொல்வதை இப்போதெல்லாம் வீட்டுப்பாடமாகக் கொடுக்கிறேன். பெரும்பாலும் அவளை அழவைத்துவிடுகிறார்கள். போன வருடம் ஒருத்தி மட்டும் எழுதியிருந்தாள்: அவன் போனபிறகும் அவள் தட்டிக்கொண்டிருக்கிறாள். பதினான்காவது காசு ஓசை எழுப்பவில்லை. வாசலுக்கு ஓடிவந்து பார்க்கிறாள், கப்பல் துறைமுகத்தைத் தாண்டியிருக்கிறது.