நகை தொலைந்த வீடு: ‘ஜெய் பீம்’ பற்றி ஒரு நோக்கு

திரைப்படம் என்றாலே முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம்மில் உண்டு. அவர்களுடைய சுளிப்புக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. ஆயினும், நாட்டில் நடந்த ஓர் அநியாயத்தை எடுத்துரைக்க முற்பட்ட படம் ஒன்று நம் வீட்டுக் கூடத்துக்குள்ளேயே வந்து சேர்ந்துவிட்டபின், அதைப் பற்றி வாய் திறவாதிருப்பது பேணுதல் ஆகாது. த.செ. ஞானவேல் இயக்கத்தில் 2021 நவம்பர் 2-ஆம் நாள் வெளியான ‘ஜெய் பீம்’ அத்தகைய படம். கொட்டகைக்கு வராமல் அமேசான் பிரைம் வழியே நேராக வீடுகளுக்கு வந்த அதனைத் தஞ்சைத் தரணியில் நம் குடும்பங்கள் பலவும் கண்டன. கண்டவர் பலர் கண் கலங்கினர். அந்தக் கண்ணீர் நம்மை எங்கே கொண்டு நிறுத்துகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நடந்த கதையைச் சொல்லிவிடுவோம். விருத்தாசலத்தை அடுத்த முதனை என்னும் சிற்றூரில் வாழ்ந்தவர் ராஜாகண்ணு. குறவர் சமூகத்தவர். அவர் மனைவி பார்வதி. 1993 மார்ச்சு மாதம், அவர்கள் கூலி வேலைக்குச் சென்றிருந்த அயலூரில் ஒரு வீட்டில் நகை காணாமற்போயிற்று. ஐயம் ராஜாகண்ணுவின் மேல் விழுந்தது. கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டவர் திரும்பவில்லை. அவர் தப்பி ஓடிவிட்டார் என்றது காவல் துறை. அவருடைய உடலோ மாவட்ட எல்லைக்கு அப்பால், மீன்சுருட்டிக் காவல் எல்லையில், அடையாளம் தெரியாத பிணமாகக் கணக்கில் ஏறியிருந்தது. மீன்சுருட்டி நமக்கு அயலூர் அன்று. கும்பகோணத்திலிருந்து சென்னை செல்லும் சாலையில் அணைக்கரைப் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும் ஊர். காவிரி நாட்டின் வாசற்படியில் நடந்த கொலை அது.

பார்வதிக்கு மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் ஊழியர் கோவிந்தன் துணை நின்றார். பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியான கே. சந்துரு அப்போது வழக்கறிஞர். ஆட்கொணர்வு மனு ஒன்றை அவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடத்தினார். நீதி மெல்ல நடந்தது. காவலர்கள் குற்றவாளிகளே என்று உயர் நீதிமன்றம் உறுதி செய்தபோது ஆண்டு 2006. ஒரு கைம்பெண் பதின்மூன்று ஆண்டுகள் காத்திருந்தாள்.

இதனைப் படமாக்கியவர்கள் ராஜாகண்ணுவை இருளராக மாற்றினர். பார்வதியைச் செங்கேணி ஆக்கினர். மணிகண்டனும் லிஜோமோள் ஜோசும் அவ்விருவராகவே வாழ்ந்திருக்கின்றனர். படத்தின் முதற்காட்சியே நெஞ்சில் தைப்பது. சிறை வாயிலில் விடுதலையாகி வருவோரைச் சாதி கேட்டுப் பிரிக்கின்றனர்; சாதியில் உயர்ந்தோர் வீட்டுக்கும், எளியோர் மீண்டும் காவலர் கைக்கும் போகின்றனர். தீர்க்கப்படாத வழக்குகளுக்கு ஆள் கணக்குக் காட்ட அவர்கள் தேவைப்படுகிறார்கள். கூச்சலின்றி, ஒரு சந்தை வியாபாரத்தைக் காட்டுவது போலக் காட்டப்பட்ட அக்காட்சி, பின்னால் வரும் அடி உதைகளைவிட ஆழமானது.

இன்னொரு காட்சியும் குறிப்பிடத்தக்கது. நிறைமாதக் கர்ப்பிணியான செங்கேணியை வீட்டில் கொண்டுபோய் விடும்படி காவலருக்கு மேலிடத்து உத்தரவு வருகிறது. அவள் வண்டியில் ஏற மறுக்கிறாள். தெருவில் நடக்கிறாள். காவல் வண்டி அவள் பின்னே ஊர்ந்து வருகிறது. ஊரார் பார்த்து நிற்கின்றனர். வசனம் செய்ய முடியாததை அந்த நடை செய்துவிடுகிறது. பணம் வாங்கிக்கொண்டு வழக்கை முடித்துக்கொள்ளச் சொல்லும்போது அவள் மறுப்பதும் அதே நடையின் தொடர்ச்சியே. இவ்விரண்டு இடங்களிலும் படம் உயர்ந்த கலையாகிறது.

குறைகளும் உண்டு. அடிக்கும் காட்சிகள் அளவு மீறி நீள்கின்றன. ஓர் உடல் படும் வேதனையை நீளக் காட்டினால், பார்ப்பவன் உள்ளம் ஒரு கட்டத்தில் மரத்துப்போகும். பாதி வழியில் வழக்கறிஞராக வரும் சூர்யா கதையைத் தம் தோளில் ஏற்றிக்கொள்கிறார். செங்கேணி அவருக்குப் பின்னால் நிற்பவளாகிறாள். உண்மையில் பார்வதியோடு அலைந்த உள்ளூர்த் தொண்டர்களின் உழைப்பு, ஓர் ஆசிரியையின் பாத்திரத்திலும் சில செங்கொடிகளிலும் சுருங்கிவிட்டது. குறவரை இருளராக்கியதையும் நாம் சிறு மாற்றமென்று விட்டுவிட இயலாது. உண்மைக் கதை என்று உரிமை கொண்டாடும்போது, துன்பத்தைச் சுமந்த சமூகத்தின் பெயரையும் உடன் சுமப்பதே முறை.

ஆனால் நம்மை உறுத்தும் பெருங்குறை வேறு. படத்தில் நகை காணாமற்போவது ஊர்ப் பெரிய வீட்டில். பாம்பு பிடிக்க ராஜாகண்ணுவை அழைத்த வீடு அது. நகை போனதும் அவன் பெயர் அந்த வீட்டில்தான் முதலில் உச்சரிக்கப்படுகிறது. நிலையத்துக்கு நெருக்கடி கொடுப்பதும் அந்த வீட்டின் செல்வாக்கே. ஆயினும் அடி விழத் தொடங்கியதும் அந்த வீடு கதையின் ஓரத்துக்குப் போய்விடுகிறது. காக்கிச் சட்டை ஒன்றே பாவத்தின் முழு உருவமாக நம் முன் நிற்கிறது. பார்ப்பவர் அத்தனை பேரும் வழக்கறிஞரின் பக்கத்து நாற்காலியில் அமர்ந்துகொள்ள வசதி செய்து கொடுக்கிறது படம். கண்ணீர் எளிதாக வருவது அதனால்தான்.

நம் இல்லங்களை எண்ணிப் பார்ப்போம். கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, நாகூர், அய்யம்பேட்டை, ராஜகிரி, பண்டாரவாடை போன்ற ஊர்களில் ஆண்மக்கள் சபர் போயிருக்க, பெண்மக்களும் முதியோரும் நகையோடும் நெல்லோடும் காத்த வீடுகள் எத்தனை! அவ்வீடுகளில் பாத்திரம் துலக்கியவர், நெல் தூற்றியவர், கொல்லை வெட்டியவர், வயலில் எலி பிடித்தவர் யார்? ஒரு சங்கிலி காணாவிடில் முதலில் யார் பெயர் வாயில் வருகிறது? “அவளைத் தவிர வேறு யார் உள்ளே வந்தா?” என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒரு நிலையம், ஒரு தடி, சில வேளை ஒரு சவக்குழி இருக்கிறது என்பதை நாம் நினைத்துப் பார்த்ததுண்டா?

தஞ்சை மண்ணுக்கு இக்கேள்வி புதிதன்று. சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரிக்க அமைக்கப்பட்ட குழு 1855-இல் அளித்த அறிக்கை, வரி வாங்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் குடிமக்கள் எவ்வாறெல்லாம் வதைக்கப்பட்டனர் என்பதை அரசாங்கத்தின் வாயாலேயே சொல்லிற்று. கழுத்தைக் குனியவைத்துக் காலோடு கட்டிப்போடும் அண்ணாந்தாள் அதில் வருகிறது. விரல்களை நெரிக்கும் கிட்டியும் வருகிறது. வயல் எலியைப் பிடிக்க நம் உழவர் வைக்கும் மூங்கிற் பொறிக்கும் கிட்டி என்றே பெயர். எலிக்கும் ஏழைக்கும் ஒரே பெயரில் பொறி வைத்திருந்தது இந்த நாடு.

அதன் பின்னரும் மிராசுகளின் களத்து மேட்டில் பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் இருந்தன. 1940-களில் பி. சீனிவாசராவ் போன்றோர் பண்ணையாட்களைத் திரட்டிப் போராடிய பிறகே அக்கொடுமைக்கு முடிவு வந்தது. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. சவுக்கு களத்து மேட்டை விட்டுப் போயிற்று. எனினும் பெரிய வீட்டின் ஐயத்தை ஏழையின் முதுகில் எழுதும் வழக்கம் முற்றும் போய்விடவில்லை. அதற்கு இப்போது காவல் நிலையம் இடம் கொடுக்கிறது.

இதைக் கடந்த காலக் கதையென்று தள்ளவும் வழியில்லை. 2025 ஜூன் மாதம், சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தை அடுத்த மடப்புரம் கோயிலின் காவலாளி அஜித்குமார் காவலர்களின் விசாரணையில் இறந்தார். தொடக்கம் யாது? காரில் வைத்திருந்த நகையைக் காணோம் என்ற புகார். முதனைக்கும் மடப்புரத்துக்கும் இடையே 32 ஆண்டுகள் கடந்திருக்கின்றன. இடையில், 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கைதுக்கான விதிகளை வகுத்துக் கொடுத்தது. கைதுக் குறிப்பில் சாட்சியின் கையொப்பம் வேண்டும், உறவினருக்குச் செய்தி போகவேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்க்கவேண்டும் என்பன அவற்றுட் சில. விதிகள் ஏட்டில் இருக்கின்றன. நகை காணாமற்போன வீட்டின் அவசரம் அவற்றினும் வேகமாக ஓடுகிறது.

நாம் எப்போதும் புகார் கொடுக்கும் பக்கத்திலேயே இருப்போம் என்பதற்கும் உறுதி இல்லை. வெற்றிமாறன் இயக்கிய ‘விசாரணை’ 2015-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. கோவையைச் சேர்ந்த மு. சந்திரகுமார், குண்டூர்க் காவலில் தாம் பட்டதை எழுதிய ‘லாக்கப்’ என்னும் நூல் அதற்கு மூலம். பிழைக்கப்போன தமிழ்த் தொழிலாளர் மேல் ஒரு பெரிய வீட்டுத் திருட்டைச் சுமத்தி, அவர்களை ஒப்புக்கொள்ளச் செய்ய அடிக்கின்றனர். அவர்களுள் முதலில் பிடிபடுபவன் அப்சல். இரவில் மறித்த காவலருக்கு அவன் பெயரைக் கேட்டதுமே ஐயம் பிறந்துவிடுகிறது. அந்தப் படத்தின் முடிவில் காப்பாற்ற எவரும் வருவதில்லை. கலை என்ற அளவில் ‘ஜெய் பீம்’ படத்தைவிட அது ஒரு படி உயர்ந்தது என்பதே நம் கருத்து. பார்ப்பவனுக்கு அமர ஒரு நாற்காலியும் அது தருவதில்லை. பெயரைக் கொண்டே ஐயுறப்படுவதன் வலியை அப்சலின் உறவினராகிய நாம் அறிவோம். அறிந்த நாமே, தொழிலையும் குலத்தையும் கொண்டு இன்னொருவரை ஐயுறலாமா?

இவ்விடத்தில் நம் மார்க்கம் மௌனமாக இல்லை. அபூதாவூத் தொகுப்பில் ஒரு செய்தி உண்டு. சிலருடைய பொருள் களவு போயிற்று. அவர்கள் நெசவாளர் சிலர்மேல் பழி சொல்லி, நபித்தோழர் நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களிடம் வந்தனர். அவர் அந்நெசவாளர்களைச் சில நாள் தடுத்து வைத்துவிட்டு விடுவித்தார். அடிக்காமல் விசாரிக்காமல் விட்டுவிட்டீரே என்று புகார்க்காரர் குறைப்பட்டனர். நுஃமான் (ரலி) கூறிய மறுமொழியின் கருத்து இது: நீங்கள் விரும்பினால் அடிக்கிறேன், பொருள் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டால் அவர்கள் முதுகில் விழுந்த அத்தனை அடியையும் உங்கள் முதுகிலிருந்து எடுப்பேன். இது உங்கள் தீர்ப்பா என்று கேட்டனர். அல்லாஹ்வும் அவன் தூதரும் அளித்த தீர்ப்பு என்றார். குற்றம் ஒப்புக்கொள்ளப்படுமுன் அடிப்பதற்கு இடமில்லை என்று உணர்த்தவே அவர் இவ்வாறு அச்சுறுத்தினார் என அபூதாவூத் (ரஹ்) விளக்குகிறார்கள்.

நெசவாளர் அன்று எளியோர். புகார் கொடுத்தவர் பொருள் உடையோர். நபித்தோழரின் பார்வை முதலில் புகார் கொடுத்தவரின் முதுகில் போய் நின்றது. ‘ஜெய் பீம்’ கேட்காமல் விட்ட கேள்வியை அவர் கேட்டுவிட்டார்.

திருமறையின் அன்னிஸா அத்தியாயத்தில் 105-ஆம் வசனம் முதல் வரும் பகுதிக்கு விரிவுரையாளர் பலர் கூறும் வரலாறும் இதற்கு அரண் செய்கிறது. முஸ்லிம் என்று பெயர் கொண்ட ஒருவன் கவசத்தைத் திருடி, பழியை ஒரு யூதர்மேல் போட்டான். அவன் குலத்தார் அவனுக்காக வாதாடினர். இறைவசனமோ யூதரைக் குற்றமற்றவர் என்று காட்டிற்று. தன் பாவத்தை நிரபராதியின் மேல் சுமத்துவோனைக் கண்டித்தது. தன் இனத்தான், அயலான் என்ற வேறுபாடு நீதியின் முன் நில்லாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

வதைப்போருக்கும் எச்சரிக்கை உண்டு. ஷாம் நாட்டில் வரி செலுத்தாத உழவர்களை வெயிலில் நிறுத்தியிருக்கக் கண்ட ஹிஷாம் இப்னு ஹகீம் (ரலி), இவ்வுலகில் மக்களை வதைப்போரை அல்லாஹ் வதைப்பான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லக் கேட்டதாக அங்கேயே அறிவித்தார். முஸ்லிம் தொகுப்பில் இது காணப்படுகிறது. வரிக்காக உழவரை வெயிலில் நிறுத்தும் வழக்கத்தை 1855-ஆம் ஆண்டு அறிக்கையிலும் படிக்கிறோம். ஷாமின் உழவனுக்காக எழுந்த குரல் காவிரிக்கரை உழவனுக்கும் உரியதே.

ஆகவே, பொருள் போனால் புகார் கொடுக்கலாகாது என்று நாம் சொல்லவில்லை. அது உரிமை. புகாரில் போன பொருளையும், போன நாளையும், கண்ணால் கண்டதையும் எழுதலாம். கண்டிராத பெயரை எழுதலாகாது. நம் ஐயத்தின் பேரில் ஒருவர் அழைத்துச் செல்லப்பட்டால், அவர் 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தப்பட்டாரா, அவர் வீட்டாருக்குச் செய்தி போயிற்றா என்று கேட்கும் கடமை நமக்கும் உண்டு. அடித்தாவது வாங்கிக் கொடுங்கள் என்று சொல்லும் நாவு, அடித்த கையின் பங்காளி.

‘ஜெய் பீம்’ பார்க்கத்தக்க படம். பிள்ளைகளோடு அமர்ந்து, வன்மைக் காட்சிகளின் எல்லையறிந்து, பேசிப் பேசிப் பார்க்கத்தக்க படம். பார்த்து முடித்தபின் காவலரைச் சபித்துவிட்டு உறங்கப் போகாமல், நகை தொலைந்த அந்தப் பெரிய வீட்டைப் பற்றி இரண்டு சொல் பேசுங்கள். அதன் கூடமும் முற்றமும் நெல் பத்தாயமும் நமக்குப் பழக்கமானவை. காணாமற்போன பொன்னை அல்லாஹ் வேறொரு வழியில் தருவான். ஐயத்தால் போன உயிரைத் திருப்பித் தர எந்த வீட்டுப் பெட்டியிலும் பொருள் இல்லை.